தென்னந்தோப்பின் குறுக்கே 400 கே.வி. லைன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில் நடந்தது இது. குடும்பத்தின் நிலம் நான்கு ஏக்கர் 12 சென்ட். கிணற்றைச் சுற்றிப் பாதி தென்னந்தோப்பு; மீதி கொறங்காடு. கொறங்காடு அந்தப் பக்கத்துக்கே உரிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். மழை பொய்த்த ஆண்டில் ஆடு மாடுகளைக் காப்பாற்றுவது அதுதான்.

பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மா, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். மூத்தவர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். இளையவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர்களுக்காக வழக்கு நடத்திய வழக்கறிஞன் நான். ஆளையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

2018 கடைசியில் கொங்குப் பகுதி முழுக்க உயர்மின் கோபுரப் பேச்சாகத்தான் இருந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் 800 கே.வி. (கிலோவோல்ட்) நேர்மின்னோட்ட லைன், அதோடு சேர்ந்த 400 கே.வி. லைன்கள் எனப் பல வழித்தடங்கள் ஒரே நேரத்தில் விவசாய நிலங்களின் மேல் வந்தன. காத்திருப்புப் போராட்டம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. சாலையோரமாகப் புதைவடத்தில் கொண்டுபோங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கே.வி. லைன் கேரளத்துக்குள் 27 கிலோமீட்டர் அளவுக்கு நிலத்தடியில்தான் போகிறது என்பதை விவசாயிகள் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். இழப்பீட்டுப் பேச்சு வலுத்ததில் அந்தப் போராட்டங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு தனிக் குடும்பத்தின் வயலில் அடுத்த வாரம் மரம் வெட்ட வரும்போது என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் பெரிய மின்தடங்கள் போவதற்கு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும், கோபுரம் நிற்கும் இடம் உட்பட. 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164 ஆம் பிரிவின்படி, 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரத்தை அரசு ஒரு மின் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால், நில உரிமையாளரின் முன் சம்மதம் இல்லாமலே நிறுவனம் உள்ளே வந்து கோபுரம் நடலாம், கம்பி இழுக்கலாம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின்தடங்களுக்கான இந்தப் பகுதி மட்டும் தொடரும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்.

அதே தந்திச் சட்டம் நிறுவனத்தின் மேல் இரண்டு கடமைகளைச் சுமத்துகிறது. 10 ஆம் பிரிவின்படி சேதத்தை இயன்றவரை குறைக்க வேண்டும். ஆன சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். தடுத்தால் மாவட்ட ஆட்சியர் 16(1) ஆம் பிரிவில் அனுமதி ஆணை கொடுக்கலாம். அதற்குப் பிறகும் மறித்தால் குற்றவழக்கு. இழப்பீடு போதாது என்றால் 16(3) ஆம் பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் மனு. பணம் யாருக்குச் சேரும் என்ற தகராறும் 16(4) ஆம் பிரிவில் அவரிடமே போகும்.

பேரம் பேசிக் கையெழுத்து வாங்கும் நடைமுறை எதுவும் இதில் இல்லை. கிரயம் கிடையாது, பதிவுத்துறையில் ஆவணம் கிடையாது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் லைன் இருப்பதற்கான சுவடே இருக்காது. அதனால் குடும்பத்துக்குச் சாதகமாகப் பேசக்கூடிய காகிதம் எதுவோ அதைக் குடும்பமேதான் உண்டாக்க வேண்டும், அதுவும் மரம் விழுவதற்கு முன்னால்.

முதலில் கண்டது

ஒரு நாள் காலையில் மூத்தவர் போன் செய்தார். “ஏனுங்க வக்கீல் சார், தோப்புல மரத்துக்கெல்லாம் செகப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு கேட்டா சர்வேங்கறாங்க, மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

போய்ப் பார்த்தேன். தென்மேற்கு மூலையில் நுழைந்து வடகிழக்கு மூலையில் வெளியேறும் வகையில் மூலைவாட்டாக முளைக்குச்சி அடித்திருந்தார்கள். நிலத்துக்குள் லைனின் நீளம் 180 மீட்டர். 400 கே.வி. லைனுக்கு வழித்தட அகலம் 46 மீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 23 மீட்டர். பெருக்கினால் 8,280 சதுர மீட்டர், இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட். மொத்த நிலத்தில் ஏறக்குறைய பாதி. அந்த அகலத்துக்குள் வீடு கட்ட முடியாது, தென்னை போன்ற உயர மரம் வைக்க முடியாது. கம்பி தொய்ந்து தாழ்ந்திருக்கும் இடத்திலும் தரைக்கும் கம்பிக்கும் 8.84 மீட்டர் இடைவெளி இருந்தால் விதிப்படி சரி. நெட்டைத் தென்னை அதைப்போல் இரண்டு மடங்கு வளரும்.

கோபுரத்துக்கான நான்கு குச்சிகளும் கிணற்றுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் இருந்தன. தோப்பு முழுக்கத் தண்ணீர் பாயும் குழாய் அந்த இடத்துக்கு அடியில்தான் போகிறது. குச்சி அடித்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. சொல்லவும் அங்கே யாரும் இருக்கவில்லை.

நோட்டீஸை வாங்குவதா?

சில வாரங்களில் லைன் பற்றிய நோட்டீஸ் வந்தது. அக்கம்பக்கத்தில் பலர் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கும் அதே பயம். “வாங்குனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்களா சாமி?” என்று கேட்டார்.

ஆகாது. நோட்டீஸ் பெற்றதற்கான கையெழுத்து, வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. திருப்பி அனுப்பினால் லைன் நிற்காது, நம் தரப்பு மட்டும் பதிவாகாமல் போகும். வாங்கச் சொன்னேன். வாங்கிய தேதியைக் கையெழுத்தின் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். பத்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தோம். நிறுவனத்துக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்.

ஆட்சேபத்தில் என்ன எழுதுவது என்பதில் குடும்பத்துக்குள் வாக்குவாதம் நடந்தது. லைனே வரக்கூடாது என்று மட்டும் எழுதவேண்டும் என்றார் இளையவர். அவருடைய கோபத்தை நான் குறைத்துப் பார்க்கவில்லை. அப்பா கையால் வைத்த மரங்கள் அவை. ஆனால் 164 ஆம் பிரிவு ஆணை உள்ள லைனை ஒரு தனி நிலத்தின் ஆட்சேபத்தால் நிறுத்திய வழக்கு எதையும் என்னால் அவருக்குக் காட்ட முடியவில்லை. கடைசியில் இரண்டையும் எழுதினோம். மாற்று வழியாகப் போக வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அது இல்லையென்றால் கோபுரத்தைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், வெட்டும் முன் இரு தரப்பும் சேர்ந்து மரங்களை எண்ணும் கூட்டுக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும், லைனால் நிலத்தின் மதிப்பு குறைவதற்கு வழித்தடம் முழுமைக்கும் ஈடு தர வேண்டும் என்பவை அடுத்த கோரிக்கைகள். முதல் கோரிக்கையை மட்டும் வைத்துவிட்டு அது தள்ளுபடியானால் மற்றவற்றைப் பேச இடமே இருக்காது. இப்படிப் பிரித்து எழுதியதற்கு அதுதான் காரணம்.

கோபுரம் நகர்ந்த விதம்

லைனைப் பக்கவாட்டில் நகர்த்துவது கடினம். ஒரு கோபுரத்தைப் பக்கத்தில் தள்ளினால் லைன் வளையும். வளையும் இடத்தில் நிற்கும் கோபுரம் கம்பியின் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பதால் கனமாக, அதிகச் செலவில் அமைக்கப்படும். பக்கத்து நிலக்காரரும் புதிதாகச் சிக்குவார். ஆனால் நேர்கோட்டில் கம்பியைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும் கோபுரத்தை, லைன் போகும் திசையிலேயே கொஞ்சம் முன்னே பின்னே வைக்கலாம். இரண்டு பக்கமும் அடுத்த கோபுரத்துக்கு உள்ள தூரமும் கம்பியின் தொய்வும் இடம் கொடுத்தால் போதும்.

இந்தக் கோபுரம் நேர்கோட்டுக் கோபுரம்தான். ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த விசாரணையில் இதை மட்டும் பிடித்துக்கொண்டோம். மூத்தவர் நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தின் நகலில் கிணறு, மோட்டார் அறை, குழாய் போகும் தடம் மூன்றையும் சிவப்பு மையில் வரைந்து கொண்டுவந்திருந்தார். நிறுவனத்தின் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, “குழாய் இருக்குன்னு எங்க ஷீட்ல இல்லீங்களே” என்றார். நல்ல மனிதர். மறுவாரம் அளவைக் கருவியோடு வந்து, தோப்பும் கொறங்காடும் சேரும் வரப்பு ஓரத்தில், இருபது மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க முடியும் என்று உறுதி செய்தார். ஆட்சியரின் அனுமதி ஆணையில் அந்தப் புதிய இடமும், கூட்டுக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற நிபந்தனையும் ஏறின.

உரிய காலத்தில் கேட்டதுதான் இதைச் சாதித்தது. அதே ஊரில் வேறொரு நிலத்தில் அடித்தளக் கான்கிரீட் போட்ட பிறகு இதே கோரிக்கை எழுந்தது. அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

மரக்கணக்கு

இந்த நிகழ்வில் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்தது கணக்கெடுத்த அந்த ஒரு நாள்தான்.

நிறுவனத்தின் பட்டியலில் 58 தென்னை இருந்தது. குடும்பத்தின் கணக்கில் 83. வித்தியாசம் எங்கே என்று மரம் மரமாக நடந்து பார்த்தோம். இடைவெளிகளில் நட்டிருந்த 19 தென்னம்பிள்ளைகளை அவர்கள் எண்ணவில்லை. “காய்க்காத மரத்துக்கு என்ன சார் கணக்கு” என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள். மூன்று நான்கு வருடம் தண்ணீர் விட்டு வளர்த்த பிள்ளை அது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடமாகும். அந்தச் செலவும் உழைப்பும் காய்ப்பதற்கு முன்பே மண்ணில் போட்டாகிவிட்டது. அப்புறம் ஓரத்தில் ஆறு மரங்கள். அடிமரம் 46 மீட்டர் அகலத்துக்கு வெளியே நிற்கிறது, மட்டை உள்ளே வருகிறது. அவற்றையும் வெட்டத்தான் போகிறார்கள்; ஆனால் பட்டியலில் மட்டும் இல்லை.

கொறங்காட்டில் 11 வெள்வேல மரங்கள். பட்டியலில் அவற்றுக்கு நேரே “முள்மரம், மதிப்பில்லை” என்று இருந்தது. அம்மா அந்த இடத்தில்தான் கொதித்துப்போனார். கோடையில் ஆட்டுக்கு அந்தக் காய்தான் தீவனம் என்று அவர் சொன்னது அப்படியே கணக்கெடுப்புப் பதிவான மகஜரில் ஏறவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு மரத்துக்கும் எண், சுற்றளவு, வயது, காய்க்கிறதா இல்லையா என்று எழுதினோம். ஒவ்வொரு மரத்தையும் அந்தச் சிவப்பு எண் தெரியும்படி படம் எடுத்தோம். நிறுவனத்தின் ஆள், வி.ஏ.ஓ., மூத்தவர், பக்கத்து நிலக்காரர் இருவர் எல்லோரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்குவது வழக்கம். பிறகு நடுவில் ஒரு தாள் மாறினால் கேட்க நாதி இருக்காது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் வாங்கினோம். நகல் ஒன்று அன்றைக்கே குடும்பத்தின் கைக்கு வந்தது.

இன்னொன்று தற்செயலாகக் கிடைத்தது. மோட்டார் அறைச் சுவரில் ஒரு வளைந்த கம்பி. அதில் காய் வியாபாரியின் துண்டுச்சீட்டுகள் வருடக்கணக்கில் குத்தி வைத்திருந்தன. 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை காய், என்ன விலை என்று பென்சிலில் எழுதியவை. பூச்சி அரித்தது போக எடுத்து, தேதிவாரியாக ஒட்டி வைத்தோம்.

பிறகு மரங்களை வெட்டினார்கள். அம்மா அன்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

காசோலை

நிறுவனம் கோபுரம் நிற்கும் இடத்துக்கு, மரங்களுக்கு, வழித்தடத்துக்கு எனத் தனித்தனியாகத் தொகை கணக்கிட்டது. மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபர் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அடிப்படை. ஆட்சியர் நிர்ணயிக்கும் நில மதிப்பில் கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்புக்கு 85 சதவீதம். வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். பயிர், மர இழப்பீடு இதற்கு மேல் தனி. மாநில அரசு ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய வழிகாட்டுதல் இது, சட்டம் அல்ல.

இதைப் படிக்கும் பலரும் 85 என்ற எண்ணையே பார்க்கிறார்கள். கணக்கை எளிதாக்க ஏக்கர் 10 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். கோபுரப் பரப்பு 14 மீட்டருக்கு 14 மீட்டர், ஐந்து சென்டுக்கும் குறைவு. அதற்கு 85 சதவீதம் சுமார் 41 ஆயிரம் ரூபாய். வழித்தடம் இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட். அதற்கு 15 சதவீதம் 3 லட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல். பெரிய பணம் கோபுரத்தில் இல்லை, கம்பிக்குக் கீழே இருக்கிறது. கோபுரமே நில்லாமல் கம்பி மட்டும் போகும் நிலக்காரர்கள் தங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று சும்மா இருந்துவிடுவதை அந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நிறுவனம் வழித்தடத்தை 46 மீட்டராக எடுக்கவில்லை. இரண்டு ஓரக் கம்பிகளுக்கு இடைப்பட்ட அகலத்தை மட்டும் எடுத்திருந்தது. மரம் வெட்டும்போது 46 மீட்டர், பணம் கொடுக்கும்போது அதில் ஒரு பகுதி. தென்னைக்கோ வயது பாராமல் ஒரே விலை.

காசோலையை வாங்குவதா என்ற கேள்வி வந்தது. வாங்கச் சொன்னேன். வீட்டில் கடன் இருந்தது. தோப்பு வருமானம் பாதியாகிவிட்டது. ஆனால் ரசீதில் “உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறோம்” என்று எழுதித்தான் கையெழுத்து. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டோம். அலுவலகத்தில் கொஞ்சம் சலசலப்பு. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

பணம் யாருக்கு

காசோலை மூத்தவர் பெயரில் போடுவதாகத்தான் முதல் பேச்சு. அவர்தானே நிலத்தில் இருக்கிறார், ஊரில் எல்லோருக்கும் அவரைத்தான் தெரியும். ஆனால் அப்பா உயிலில்லாமல் இறந்திருக்கிறார். அது அவருடைய சொந்தக் கிரயச் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, இரண்டு மகன்கள், மகள் நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு.

மகளை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். “கட்டிக்குடுத்தப்பவே செஞ்சாச்சுங்களே” என்றார் மூத்தவர். சீர் செய்தது வேறு, சொத்தில் பங்கு வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. மகளும் முதலில் எனக்கு வேண்டாம் அண்ணா என்றார். வேண்டாமென்றால் பிறகு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். மனுவில் பெயர் இல்லாமல் போனால் நாளைக்கு நிறுவனமே அதைக் காரணம் காட்டித் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் போய்விடும், நாம் 16(4) ஆம் பிரிவில் இன்னொரு சுற்று அலைய வேண்டும் என்றேன். வாரிசுச் சான்று வாங்கி, நால்வர் பெயரிலும் கூட்டுப்பட்டா மாற்றினோம். பணம் நான்காகப் பிரிந்து நான்கு வங்கிக் கணக்குகளில் விழுந்தது.

மாவட்ட நீதிமன்றம்

கூடுதல் இழப்பீடு கேட்டு 16(3) ஆம் பிரிவில் மனுப் போட்டது 2021-இல். இந்த மனுவுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. தந்திச் சட்டத்தில் அது எழுதியிருக்காது. கேரள மின்வாரியத்தின் வழக்கு ஒன்றில் 1976-இல் உச்ச நீதிமன்றம், காலவரையறைச் சட்டத்தின் 137 ஆவது உறுப்பு இதற்குப் பொருந்தும் என்றது. அதுவும் லைனுக்காக மரம் வெட்டிய வழக்குதான். நிறுவனத்துக்கு மனுக் கொடுத்துக்கொண்டே ஐந்து வருடம் காத்திருந்து, நல்ல வழக்கைக் காலம் கடந்து இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நில மதிப்புக் குறைவுக்கு நாங்கள் சார்ந்து நின்றது 2007-இல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதுவும் கேரளத்திலிருந்து போனது. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு போடக்கூடாது. நிலம் எங்கே இருக்கிறது, லைன் எவ்வளவு நீளம் போகிறது, ஓரமாகப் போகிறதா நடுவில் போகிறதா என்று ஒவ்வொரு நிலத்தின் நிலையையும் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. மூலைவாட்டாகப் போகும் லைன் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டுகளை விட்டுச்செல்கிறது. அவற்றில் உழவும் சிரமம், தனியாக விற்கவும் சிரமம். புலப்படத்தின் மேல் வழித்தடத்தை வரைந்து காட்டியபோது நீதிபதி அதை நெடுநேரம் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வாதம் மரியாதையாகவே இருந்தது. நிலம் உங்களிடமே இருக்கிறது, கீழே மேய்க்கலாம், சோளம் விதைக்கலாம் என்றார்கள். கொறங்காட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. தோப்புக்கு அது பொருந்தாது. மர எண்ணிக்கையில் அவர்களால் வாதிடவே முடியவில்லை, பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் ஆளின் கையெழுத்து இருந்தது.

2023-இல் தீர்ப்பு. காய்க்கும் 64 தென்னைக்கும் வயது, வியாபாரியின் சீட்டிலிருந்து வந்த சராசரிக் காய்ப்பு, பராமரிப்புச் செலவைக் கழித்த வருமானம் என்று மரவாரியாகக் கணக்கிட்டு உயர்த்தினார்கள். 19 பிள்ளைகளுக்கும் ஒரு தொகை. வெள்வேல மரங்களுக்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவு, ஆனால் “மதிப்பில்லை” என்பது போயிற்று. வழித்தடம் 46 மீட்டர் என்று ஏற்று, தோப்புப் பகுதிக்கு 25 சதவீதமும் கொறங்காட்டுக்கு 15 சதவீதமும் நில மதிப்புக் குறைவாக, வட்டியோடு தரச் சொன்னார்கள். முக்கோணத் துண்டுகளுக்குத் தனியாகக் கேட்டதும், உடல்நலப் பாதிப்பு என்று இளையவர் சேர்க்கச் சொன்னதும் ஆதாரம் இல்லையென்று தள்ளுபடி. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 2024 தொடக்கத்தில் பணம் வந்தது.

இடையில் இன்னொரு சங்கதி. கம்பியில் மின்சாரம் ஏறிய பிறகு, வழித்தட ஓரத்தில் இருந்த ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரையைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதாக மூத்தவர் சொன்னார். இது ஒயர் கசிவு அல்ல. உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழுள்ள உலோகத்தில் தூண்டலால் வரும் மின்னழுத்தம். எழுதிக் கொடுத்ததும் வந்து தகரத்தையும் கம்பி வேலியையும் நிலத்தோடு இணைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. மழைக்காலத்துக்கு முன் அந்த எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று மூத்தவர் பார்த்துக்கொள்கிறார்.

இன்று இதே நிலை வந்தால்

மத்திய அரசு 2024 ஜூன் 14-இல் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபுரப் பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதம். பரப்பை அளப்பதும் கால்களுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்து. வழித்தடத்துக்கு 30 சதவீதம். 2025 மார்ச்சில் வந்த துணை வழிகாட்டுதல், சந்தை மதிப்பைக் கணக்கில் எடுப்பதற்கும் நகர்ப்புறத்துக்குக் கூடுதல் சதவீதம் தருவதற்கும் வழி செய்தது. மேலே போட்ட அதே ஏக்கர் 10 லட்சம் கணக்கில், இந்தக் குடும்பத்துக்குக் கோபுரத்துக்கு 1 லட்சத்து 26 ஆயிரமும் வழித்தடத்துக்கு 6 லட்சத்துக்கு மேலும் முதல் நாளே வந்திருக்க வேண்டும். இதையும் மாநிலம் ஏற்க வேண்டும். எந்த மாநிலத்தின் எந்த ஆணை நம் லைனுக்குப் பொருந்தும் என்பதை ஆட்சியர் விசாரணையிலேயே எழுத்தில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

குடும்பம் செய்ததில் ஒன்றை மாற்றச் சொல்வேன். பட்டாவை லைன் வருவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். நோட்டீஸ் இறந்தவர் பெயரில் வந்தது, விசாரணைக்கு யார் வரலாம் என்பதிலேயே ஒரு நாள் வீணானது. தென்னையின் காய்ப்புக்கு வியாபாரிச் சீட்டு இருந்தது அதிர்ஷ்டம். கொறங்காட்டின் வருமானத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எத்தனை ஆடு, எவ்வளவு தீவனம் மிச்சம் என்று கால்நடை மருத்துவரிடமாவது ஒரு சான்று வாங்கியிருந்தால் அந்தப் பதினோரு மரங்களின் கதை வேறாகியிருக்கும். அரசுப் பக்கம் மாற வேண்டியது, குச்சி அடிக்கும் முன் நிலக்காரரோடு ஒரு முறை நடந்து பார்ப்பது. குழாயும் மோட்டார் அறையும் அந்த நடையிலேயே தெரிந்திருக்கும்.

இளையவருக்கு ஊரில் வீடு கட்டும் எண்ணம் இருக்கிறது. அவர் நினைத்த இடம் வழித்தடத்துக்குள் வருகிறது. தந்திச் சட்டம் 17 ஆம் பிரிவின்படி, நிலத்தை வேறு வகையில் பயன்படுத்த விரும்பும் உரிமையாளர் லைனை நகர்த்தக் கேட்கலாம். இழப்பீடு வாங்கியிருந்தால், நகர்த்தும் செலவையோ வாங்கிய இழப்பீட்டில் பாதியையோ, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். நிறுவனம் மறுத்தால் ஆட்சியரிடம் மனு; அந்தப் பிரிவின்படி அவர் ஆணையே இறுதி. 400 கே.வி. லைனில் இது நடைமுறையில் மிகக் கடினம் என்று சொல்லியிருக்கிறேன். வழித்தடத்துக்கு வெளியே கிழக்கு வரப்பையொட்டி 14 சென்ட் இருக்கிறது. அதை அளந்து கல் நட்டு, நால்வருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் வேலை இப்போது நடக்கிறது. பத்திரத்தோடு சேரும் வரைபடத்தில் 46 மீட்டர் அகலத்தையும் கோபுரத்தின் நான்கு கால்களையும் அளவோடு குறிக்கச் சொல்லியிருக்கிறேன். வில்லங்கச் சான்றில் வராதது அந்தப் பத்திரத்திலாவது இருக்கும்.